குமிழி நின்றால் போதுமா?
(ஹைட்ரோமீட்டர் எனக்குச் சொல்லித் தந்த பாடம்)

இறுதியாண்டு மாணவன், கெமிக்கல் இன்ஜினியரிங் பிரிவு



இந்தக் கட்டுரையில் 'பியர்' என்ற சொல் பல இடங்களில் வரும். உடனே கடைசி பெஞ்சில் விசில் சத்தம் வேண்டாம்! குடிப்பதைப் பற்றி நான் எழுதவில்லை, அளப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் அறையில் பக்கெட்டைத் தேடாதீர்கள். கதை நடந்தது இங்கிலாந்தில். அங்கே 1963-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பியர் காய்ச்சுவது அங்கே நாம் வீட்டில் ஊறுகாய் போடுவது மாதிரி சர்வ சாதாரணம். விற்பதற்கு மட்டும்தான் அனுமதி வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நள்ளிரவில் ஒரு தொலைபேசி

என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். அத்தானுக்குப் பொழுதுபோக்காக ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். போன நவம்பரில் கடையில் ஒரு பியர் கிட் வாங்கி வந்திருக்கிறார். அதில் ஒரு டின் மால்ட் பாகு, ஒரு பொட்டலம் ஈஸ்ட், மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட், மூடியில் செருக ஏர்லாக் என்ற சின்னக் குழாய், அப்புறம் ஒரு நீளமான அட்டைக் குழலுக்குள் ஏதோ கண்ணாடிச் சாமான். பாகைக் கரைத்து, தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி மூடி வைத்துவிட்டார். இரண்டு நாள் ஏர்லாக்கில் 'பொளக் பொளக்' என்று குமிழி வந்தது. ஒரு வாரம் கழித்துக் குமிழி நின்றது. "முடிஞ்சுது வேலை" என்று சர்க்கரை சேர்த்து நாற்பது சொச்சம் பாட்டிலில் அடைத்து, ஹீட்டர் ஓடுகிற அறையின் அலமாரியில் அடுக்கிவிட்டார்.

ஒன்பதாம் நாள் ராத்திரி வெடித்தது. ஒன்று இல்லை, வரிசையாக ஐந்து பாட்டில். அந்த அலமாரியின் கீழ்த்தட்டில்தான் என் அக்கா மகளின் பொம்மைகள் இருக்கும். நான்கு வயசுக் குழந்தை. ராத்திரி என்பதால் பிழைத்தாள். காலையில் அவளுடைய துணி யானையின் வயிற்றிலிருந்து கண்ணாடித் துண்டு எடுத்தார்களாம்.

மறுநாள் அத்தான் கிட் வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "பாட்டிலில் அடைக்கும்போது கிராவிட்டி எவ்வளவு இருந்தது?" அத்தான் முழித்திருக்கிறார். அட்டைக் குழலை அவர் திறக்கவே இல்லை.

அன்றைக்கே எனக்குப் போன். "மாப்ளே, நீ கெமிக்கல்தானே படிக்கிற? இந்த ஹைட்ரோமீட்டர்னா என்னடா? அதை வச்சு பாட்டில் வெடிக்கும்னு எப்படித் தெரியும்?"

நண்பர்களே, ஹைட்ரோமீட்டர் எக்ஸ்பெரிமெண்ட்டில் எனக்குப் பத்துக்குப் பத்து மார்க். ஆனால் அத்தானுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி கூட இல்லை. ஏன் தெரியுமா? அந்த ரீடிங் எல்லாம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது! "லைன் சரியில்ல அத்தான், நாளைக்குப் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

லேப்பில் ஒரு சாயங்காலம்

மறுநாள் வகுப்பு முடிந்ததும் லேப் அண்ணனிடம் போய் நின்றேன். "எக்ஸாம் கூட இல்லையே, இப்ப எதுக்குடா?" என்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்து கருவியை எடுத்துக் கொடுத்தார்.

பார்ப்பதற்குத் தூண்டில் மிதவை மாதிரி இருக்கும். அடியில் கனத்துக்கு ஈயக் குண்டுகள், நடுவில் காற்றடைத்த குடுவை, மேலே மெல்லிய கண்ணாடித் தண்டு, தண்டுக்குள்ளே கோடு போட்ட காகிதம். இதைத்தான் பாடப் புத்தகத்தில் திரவமானி என்கிறோம். தத்துவம் ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும். திரவம் அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் விலக்கினாலே எடை ஈடாகிவிடும். தண்டு உயரமாக நிற்கும். திரவம் லேசாக இருந்தால் நிறைய விலக்க வேண்டும். தண்டு உள்ளே இறங்கும். திரவத்தின் மட்டம் தண்டில் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் ஒப்படர்த்தி, அதாவது ஸ்பெசிபிக் கிராவிட்டி. தண்ணீர் 1.000.

முதலில் ஜாடியில் வெறும் தண்ணீர் ஊற்றி மெதுவாக விட்டேன். என் ரெக்கார்டில் இருந்த எண் 1.000. கண்ணெதிரே நின்ற எண் 0.997! கருவி கோளாறு என்று நினைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தண்டுக்குள் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். '20 டிகிரி செல்சியஸ்' என்று இருந்தது. தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தால் லேப் தண்ணீர் 32 டிகிரி. சூடானால் தண்ணீர் விரிந்து லேசாகிவிடும், மிதவை இறங்கிவிடும். அந்த 0.003 வித்தியாசம் கருவியின் பிழை அல்ல, நம் ஊர் வெயில். இதே கருவி 15.6 டிகிரிக்கும் வரும், 27 டிகிரிக்கும் வரும். எது என்று பார்க்காமல் ரீடிங் எடுப்பது, எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறுவது மாதிரி.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் காப்பி அடித்த 1.000 யாருமே பார்த்த எண் அல்ல! எனக்கு முந்தைய செட்டோ, அதற்கும் முந்தைய செட்டோ புத்தகத்தைப் பார்த்து எழுதியது. நம் லேப்பில் அந்த ரீடிங் வரவே வராது.

அடுத்து 100 கிராம் சீனியை 900 கிராம் தண்ணீரில் கரைத்தேன். எடைக்குப் பத்து சதவீதக் கரைசல். 20 டிகிரியில் இதன் ஒப்படர்த்தி 1.040 இருக்க வேண்டும். எனக்கு வந்தது 1.037. வெப்பத் திருத்தம் 0.003 கூட்டினால், கச்சிதமாக 1.040. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் லேப் ஸ்பிரிட்டில் விட்டேன். 'டொக்' என்று அடியில் போய் முட்டியது. "உடைச்சா உன் காஷன் டெபாசிட்தான்" என்றார் அண்ணன்! (நான் சீனித் தண்ணீரில் ஈஸ்ட் எதுவும் போடவில்லை. பயப்படாதீர்கள்.)

இந்த மூன்று ரீடிங்கில் பியரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

சர்க்கரை போய்ச் சாராயம் வந்தால்

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமைதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த அந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். சர்க்கரை நிறைய உள்ளதால் அதன் ஒப்படர்த்தி 1.040, 1.045 என்று இருக்கும். ஈஸ்ட் போடுவதற்கு முன் எடுக்கும் இந்த ரீடிங்குக்கு ஆரம்ப கிராவிட்டி என்று பெயர். இதை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிட்டால் திரும்ப அளக்க வழியே இல்லை.

ஈஸ்ட் என்ன செய்கிறது? 180 கிராம் குளுக்கோஸைத் தின்று 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. கனமான சர்க்கரை குறைகிறது. அதன் இடத்தில் தண்ணீரைவிட லேசான ஆல்கஹால் சேர்கிறது. இரண்டு காரணத்தாலும் ஹைட்ரோமீட்டர் நாளுக்கு நாள் இறங்கும். ஆனால் 1.000 வரைக்கும் போகாது. மால்ட்டில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகளும் உண்டு. சாதாரண பியர் 1.010-ஐ ஒட்டி நின்றுவிடும். இது முடிவு கிராவிட்டி.

ஆரம்பத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 1.045-ல் ஆரம்பித்து 1.010-ல் முடிந்தால் வித்தியாசம் 0.035. பெருக்கினால் சுமார் 4.6 சதவீதம். இவ்வளவுதான் கணக்கு!

அந்தக் காலத்தில் யாருக்கும் இது தேவைப்படவில்லையா என்று கேட்கலாம். 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் தன் குடும்பத்து பியர் ஆலையில் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தார். அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் ஒளித்து வைத்துத்தான்! லண்டனின் பெரும் புள்ளியான சாமுவேல் விட்பிரெட்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் இதெல்லாம் வீண் கனவு என்று அனுப்பிவிட்டார். ஹென்றி திரேல் என்ற இன்னொரு ஆலை முதலாளிதான் மதித்துக் கேட்டார். ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் 1784-ல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். பிறகு அரசாங்கமும் பிடித்துக்கொண்டது. 1880 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பியருக்கு வரி போட்டதே வோர்ட்டின் ஆரம்ப கிராவிட்டியை வைத்துத்தான். அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த கருவி, கஜானாவுக்குக் கணக்கப்பிள்ளை ஆகிவிட்டது!

பாட்டில் ஏன் வெடித்தது?

குமிழி நின்றது என்றால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நவம்பர் குளிரில் சமையலறை ஜில்லென்று ஆனதும் ஈஸ்ட் சுருண்டு அடியில் படுத்துவிடும். மூடியில் சின்ன இடுக்கு இருந்தாலும் வாயு அந்த வழியாகப் போய்விடும், ஏர்லாக்கில் குமிழி தெரியாது. இதற்கு நேர்மாறாக, வேலை முடிந்த பியர் கொஞ்சம் சூடானாலும், கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். ஆகக் குமிழி இரண்டு பக்கமும் பொய் சொல்லும் சாட்சி.

அத்தான் அளக்காததால் உண்மையான எண் கிடையாது. ஒரு பேச்சுக்கு, 1.010-க்கு வர வேண்டிய பியர் 1.020-லேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் கிராவிட்டி 0.001 இறங்கினால் சுமார் அரை லிட்டர் வாயு பிறக்கும். மீதி 0.010 பாட்டிலுக்குள்ளே இறங்கினால் 5 லிட்டர். நுரைக்காகப் போட்ட சர்க்கரையிலிருந்து ஒன்றேகால் லிட்டர். முன்பே கரைந்திருந்தது முக்கால் லிட்டருக்கு மேல். மொத்தம் ஏழு லிட்டர் வாயு, ஒரு லிட்டர் பியருக்குள்!

வழக்கமான பியரில் இரண்டரை லிட்டர்தான் இருக்கும். 20 டிகிரியில் அது பாட்டிலை உள்ளிருந்து சுமார் 2 வளிமண்டல அழுத்தத்தில் தள்ளும். கார் டயரில் அடிக்கிற காற்று அளவு. ஏழு லிட்டர் வாயு என்றால் அது சுமார் 7 வளிமண்டலம். லாரி டயர் காற்று, நண்பர்களே, கண்ணாடி பாட்டிலுக்குள்! ஹீட்டர் அறைக்குப் போனதும் தூங்கின ஈஸ்ட் எழுந்து மீதியைத் தின்றது. வெடிக்காமல் என்ன செய்யும்?

ரீடிங் எடுப்பது எப்படி?

லேப் அண்ணன் சொன்னதையும் நான் தவறு செய்து கற்றதையும் சேர்த்துத் தருகிறேன். வைவாவுக்கும் உதவும்.

1. ஜாடி, ஹைட்ரோமீட்டர் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். பியர் என்றால் கிருமி நீக்கிய குழாயால்தான் மாதிரி எடுக்க வேண்டும். அளந்த மாதிரியைத் திரும்பப் பக்கெட்டில் ஊற்றக் கூடாது, கிருமி போய்விடும்.

2. மாதிரியில் வாயு இருந்தால், இரண்டு டம்ளரில் டீ ஆற்றுவது மாதிரி நாலைந்து தடவை ஆற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சின்னக் குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். ரீடிங் கூடுதலாக வரும்.

3. கருவியை விட்டதும் தண்டைப் பிடித்து லேசாகச் சுழற்றிவிடுங்கள். ஒட்டிய குமிழி உதிரும். ஜாடியின் பக்கத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும்.

4. குனிந்து, கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தண்டை ஒட்டித் திரவம் கொஞ்சம் ஏறி நிற்கும். அதைப் படிக்காமல் சமமான மட்டத்தைப் படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பு.

5. வெப்பநிலையைக் கையோடு குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரிக் கருவியில் 30 டிகிரிக்கு சுமார் 0.003, 40 டிகிரிக்கு சுமார் 0.006 கூட்ட வேண்டும். கொதிக்கக் கொதிக்க அளக்க வேண்டாம். திருத்தமும் நம்பும்படி இருக்காது, கண்ணாடியும் விரிசல் விடலாம்.

அத்தானின் இரண்டாவது பக்கெட்

மறுநாள் நானே போன் போட்டேன். முதல் வேலையாக, மீதி பாட்டில்களைத் தோட்டத்துக் கொட்டகையில் குளிரில் ஒரு நாள் வைக்கச் சொன்னேன். குளிர்ந்தால் வாயு திரவத்தில் கூடுதலாகக் கரைந்து அழுத்தம் இறங்கும். பிறகு தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பாட்டிலைச் சுற்றித் துண்டு, குழந்தை வீட்டுக்குள்ளே. அத்தனையும் திறந்து கொட்டினார். பாவம், மனுஷனுக்குக் கஷ்டம்தான்.

இரண்டாவது பக்கெட்டுக்கு அட்டைக் குழலைத் திறந்தார். எனக்கு ரீடிங் வர ஆரம்பித்தது. முதல் நாள் 1.044. ஐந்தாம் நாள் 1.022. எட்டாம் நாள் 1.020. பத்தாம் நாளும் அதே 1.020. குமிழியும் இல்லை. "ரெண்டு தடவை ஒரே ரீடிங் வந்தா முடிஞ்சுதுன்னு கடைக்காரர் சொன்னாரு மாப்ளே, பாட்டில் கழுவிட்டேன்" என்றார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "அத்தான், கையை வைக்காதீங்க! ரீடிங் நின்னா மட்டும் போதாது. நிக்க வேண்டிய இடத்துலயும் நிக்கணும். டின்னுல என்ன போட்டிருக்கு?" டின்னில் 1.010 என்று இருந்தது. பக்கெட் இருந்த இடத்தின் வெப்பத்தைக் கேட்டேன். 14 டிகிரி. தின்ன வேண்டிய சர்க்கரை இன்னும் உள்ளே இருக்கிறது, ஈஸ்ட் தூங்குகிறது, அவ்வளவுதான். பக்கெட்டை 20 டிகிரி அறைக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெதுவாகக் கலக்கிவிடச் சொன்னேன்.

பதினான்காம் நாள் 1.011. பதினாறாம் நாள் 1.010. பதினெட்டாம் நாளும் 1.010. "இப்ப அடைங்க அத்தான்" என்றேன். கணக்குப் போட்டால் 4.5 சதவீதம் வரும். ஒரு பாட்டில் கூட வெடிக்கவில்லை. பொம்மைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டதாக அக்கா சொன்னாள். அதுவும் நல்லதுதான்.

பத்துக்கு ஏழு

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தச் சாயங்காலம் எடுத்த ரீடிங்கோடு லேப் சாரிடம் போய், "சார், என் ரெக்கார்டில் தண்ணீர் ரீடிங் தப்பு. நான் எடுக்கவே இல்லை" என்று சொன்னேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். திரும்ப எழுதி வரச் சொன்னார். இந்தத் தடவை பத்துக்கு ஏழு. நோட்டைக் கொடுக்கும்போது, "அந்த 0.997-ஐ அப்படியே விட்டிருக்கியே, அதுக்குத்தான் ஏழு" என்றார்.

நாளை நம்மில் பலர் பேட்டரி கம்பெனிக்கும், பால் பண்ணைக்கும், சர்க்கரை ஆலைக்கும் போகப் போகிறோம். பேட்டரி ஆசிட் 1.280-லிருந்து எவ்வளவு இறங்கியது என்று பார்க்கவும், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கவும், கரும்புச் சாற்றைச் சோதிக்கவும் இதே மிதவை நம் கைக்கு வரும். அங்கே பார்த்து எழுத சீனியர் ரெக்கார்டு இருக்காது. நாம் எழுதுகிற எண்ணை நம்பி யாரோ ஒருவர் வால்வைத் திறப்பார், மூடியை இறுக்குவார், பக்கத்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த லேப்பில் ஹைட்ரோமீட்டர் உங்கள் கைக்கு வரும்போது தயவுசெய்து குனிந்து பாருங்கள். 0.997 வந்தால் 0.997 என்றே எழுதுங்கள்.